மோதிரம் தேடக் கோரும் மனு

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம், பாளையங்கோட்டையில் ஒரு பூங்கா வாசல். அமைச்சரை வரவேற்க வந்த கரைவேட்டிக்காரர்கள் ஐம்பது அறுபது பேர் வரிசையில் நின்று, ஒவ்வொருவராகச் சட்டையைத் தூக்கி இடுப்பைக் காட்டிவிட்டு உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் பேப்பரில் 'பலத்த போலீஸ் பாதுகாப்பு' என்று ஒரு வரி வந்தது. நம்பாதீர்கள். அத்தனைக்கும் காரணம் நான்தான். சரியாகச் சொன்னால் என் மோதிரம். இன்னும் சரியாகச் சொன்னால், அந்த மோதிரத்தில் சுற்றியிருந்த நூல்.

நூலிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

எனக்குச் சர்க்கரை இருக்கிறது என்று டாக்டர் சொல்லி ஆறு மாதம் ஆகிறது. 'நடங்க' என்றார். நடக்கிறேன். தினமும் காலையில் அந்தப் பூங்காவைப் பத்துச் சுற்று. வயிறு போட்டது போட்டபடி இருக்கிறது. விரல் மட்டும் இளைத்துவிட்டது. என்ன நியாயமோ தெரியவில்லை. கல்யாண மோதிரம் கழலத் தொடங்கியது. என் மனைவி சிவகாமி, எல்லா வீட்டிலும் செய்வதைத்தான் செய்தாள் -- மோதிரத்தின் அடிப்பக்கம் வெள்ளை நூலைச் சுற்றி இறுக்கிக் கொடுத்தாள்.

வெள்ளை நூல் எத்தனை நாளைக்கு வெள்ளையாக இருக்கும்? ஒரு வாரத்தில் சாம்பார் நிறம். இரண்டாம் வாரம் புளிக்குழம்பு. கல்லூரியில் என்னோடு பாடம் எடுக்கும் நண்பர் ஒருவர் ஸ்டாஃப் ரூமில் நாலு பேர் முன்னால், "என்ன சார், விரல்ல கட்டு? கதவுல நசுக்கிட்டியளா?" என்று கேட்டார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பிளேடை எடுத்து நூலை அறுத்துப் போட்டேன்.

திங்கட்கிழமை பதினோரு மணிக்கு வகுப்பில் போர்டில் எழுதக் கையைத் தூக்கினால்... விரல் மொட்டையாக இருக்கிறது.

இதில் என்ன பெரிய விஷயம், இன்னொரு மோதிரம் செய்துகொள்ளலாமே என்கிறீர்களா? அது வெறும் மோதிரம் இல்லை. என் மாமியாரின் வளையல். எங்கள் கல்யாணத்தின்போது அவர் கையில் மிச்சமிருந்தது ஒற்றை வளையல். அதை அழித்துத்தான் மாப்பிள்ளைக்கு மோதிரம் போட்டார்கள். அந்த அம்மாள் இப்போது இல்லை. சிவகாமியிடம் அவளுடைய அம்மாவின் பொன் என்று இருப்பது அது ஒன்றுதான். அதையும் என் விரலில் போட்டு வைத்திருந்தாள். நான் என்ன செய்தேன்? பிளேடால் அறுத்தேன்.

அவள் திட்டுவாள் என்ற பயம் இல்லை எனக்கு. திட்டினால் தாங்கிக்கொள்ளலாம், இருபது வருஷப் பழக்கம். அவள் ஒன்றும் சொல்லாமல் அடுப்பங்கரைக்குள் போய்விடுவாளே, அதைத்தான் தாங்க முடியாது.

ஆகவே, ஆண் வர்க்கம் வழக்கமாகச் செய்வதைச் செய்தேன். மருந்துக்கடையில் பிளாஸ்டர் வாங்கி மோதிர விரலில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

"விரல்ல என்ன?"

"சாக்பீஸ் அலர்ஜி."

"இருபது வருசமா இல்லாத அலர்ஜியா?"

"இப்ப வர்ற சாக்பீஸ்ல என்னமோ கலக்குதான்."

சிவகாமி என்னை ஒரு பார்வை பார்த்தாள். சாப்பிட உட்கார்ந்தபோது தட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்பூன் இருந்தது. எங்கள் வீட்டில் ஸ்பூனால் சோறு சாப்பிட்ட முதல் ஆள் நான்தான். ரசத்தை ஸ்பூனால் பிசைந்து பாருங்கள், அப்போது தெரியும் என் கஷ்டம்.

காலையில் கையை வீசி நடந்தபோதுதான் நழுவியிருக்க வேண்டும் என்று, வீட்டுக்குப் போகும் முன்பே பூங்காவுக்கு ஒரு நடை போய்க் குனிந்து குனிந்து தேடியிருந்தேன். அங்கே கூட்டுகிறவர் பேச்சியம்மா. காலையில் வேலை முடிந்ததும் எங்கள் வீட்டில் ஒரு காப்பி குடித்துவிட்டுப் போவார். சாயங்காலம் செடிக்குத் தண்ணீர் விட மறுபடி வருவார்.

"என்ன சார், கூனிக் கூனி நடக்கிய?"

"ஒரு மோதிரம், பேச்சியம்மா... கண்ணுல பட்டுதா?"

பேச்சியம்மா வாளியைக் கீழே வைத்துவிட்டு என்னை நன்றாகப் பார்த்தார். "கண்ணுல பட்டா நான் வச்சிக்கிடவா போறேன்? உடையவங்ககிட்டல்லா குடுப்பேன்" என்றார். கேட்டிருக்கக் கூடாதோ என்று எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

இந்த நேரத்தில்தான் எனக்குக் கோமதிநாயகம் அண்ணாச்சி ஞாபகம் வந்தது.

அண்ணாச்சி எங்கள் தெருவில் நாலாவது வீடு. பத்திர ஆபீஸில் ஹெட் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவர். மகன் மஸ்கட்டில் இருக்கிறான். பொழுது போகவில்லை என்று அண்ணாச்சி கடிதம் எழுதப்போக, மகன் போன தடவை திருவனந்தபுரம் ஏர்போர்ட் வழியாக வந்தபோது ஒரு மிஷின் கொண்டுவந்து கொடுத்தான். நீளக் கம்பு, நுனியில் தோசைக்கல் போல ஒரு தட்டு. மண்ணுக்கு மேலே ஆட்டிக்கொண்டே போனால், கீழே இரும்போ பொன்னோ கிடந்தால் 'கீய்ங்' என்று கத்தும். அங்கே வெள்ளைக்காரர்கள் லீவு நாளில் கடற்கரையில் இதைத்தான் ஆட்டிக்கொண்டு திரிகிறார்களாம்.

மிஷினோடு ஒரு சின்னப் புத்தகமும் வந்திருந்தது. தேடுகிறவர்கள் நடந்துகொள்ள வேண்டிய முறைகள். அண்ணாச்சி மிஷினைவிட அந்தப் புத்தகத்தைத்தான் அதிகம் கொண்டாடினார். அகராதி வைத்துக்கொண்டு முழுவதையும் தமிழில் ஃபுல்ஸ்கேப் தாளில் எழுதி வைத்திருந்தார். முதல் விதி: தேடுமுன் உடையவரிடம் சொல்லுக. இரண்டாவது: தோண்டிய குழியை முன்பிருந்ததுபோல் மூடுக. மூன்றாவது: போலீசார் கேட்டால் முகம் சுளிக்காமல் விடை கூறுக.

"அண்ணாச்சி, நாளைக்கு விடிய ஆறு மணிக்குப் போயி பத்து நிமிசத்துல பாத்துட்டு வந்துருவோம். யாருக்கும் தெரியாண்டாம்" என்றேன்.

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றினார். "அப்படிச் செய்யப்பிடாதுவே. முதல் விதி என்ன சொல்லுது? உடையவர்ட்ட சொல்லணும். பூங்கா கார்ப்பரேஷனுக்குப் பாத்தியப்பட்டது. பந்தோபஸ்து போலீசுக்குப் பாத்தியப்பட்டது. ரெண்டு பேருக்கும் மனு குடுக்கணும்."

"போலீஸ் நம்மகிட்ட ஒண்ணும் கேக்கலையே."

"கேக்க முந்தி சொல்லுததுதான்வே மரியாதை."

மரியாதை தப்பா? இல்லை. ஆனால் முப்பது வருஷம் கிரயப் பத்திரம் எழுதிய கை, மனு எழுதினால் எப்படி இருக்கும் என்று நான் யோசித்திருக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை முழுவதும் உட்கார்ந்து எழுதினார். கார்ப்பரேஷனில் ஒன்று கொடுத்து முத்திரை வாங்கினோம். பூங்கா வாட்ச்மேனுக்கு ஒரு நகல். அவர் அதை வாங்கி மடித்து, அதில் முறுக்கு வைத்துச் சாப்பிட்டார். புதன்கிழமை மூன்றாவது நகலோடு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனோம்.

இன்ஸ்பெக்டர் சேலம் பக்கத்துக்காரர். புதிதாக வந்தவர். மனுவைச் சத்தமாகவே வாசித்தார்.

"கிழக்கே மெயின் ரோடு, மேற்கே தண்ணீர்த் தொட்டி, வடக்கே சிமெண்ட் பெஞ்சு வரிசை, தெற்கே சறுக்குமரம், இந்நான்கு எல்லைக்கு உட்பட்ட மேற்படி இடத்தில், நிதி நிட்சேப ஜல தரு பாஷாணாதிகள் சகிதம், யாதொரு வில்லங்கமும் இன்றித் தேடி அனுபவித்துக்கொள்ள..." நிறுத்தினார். "ஏட்டையா, நிதி நிட்சேபம்னா என்ன?"

ஏட்டையா உள்ளூர்க்காரர். "புதையல்ங்கய்யா" என்றார்.

இன்ஸ்பெக்டர் எங்களை நிமிர்ந்து பார்த்தார். "புதையல் எடுக்கறதுக்கு மனு குடுக்கற ஆளுங்களை இன்னைக்குத்தான் பாக்கறேன்."

"அது பத்திர வழக்கம்ங்கய்யா" என்று அண்ணாச்சி கைகட்டி விளக்கினார். "நெலத்த வித்தா, அடியில கெடக்குததும் சேத்துன்னு எழுதணும். கை தானா எழுதிட்டு."

"வெள்ளிக்கிழமை அதே பூங்காவுக்கு நீரூற்று திறக்க அமைச்சர் வர்றார். தெரியுமா?"

தெரியாது. சத்தியமாகத் தெரியாது.

"ரெண்டு நாள் முன்னாடி ரெண்டு பேர் வந்து, அங்க தரையைத் தோண்டணும்னு எழுதிக் குடுக்கறீங்க. மிஷின் வேற வச்சிருக்கீங்க. நான் என்ன நினைக்கணும்?"

கொஞ்ச வருஷமாகவே எங்கே கூட்டம் என்றாலும் குண்டு பயம்தான். போலீஸ்காரர்கள் கைவிடப்பட்ட டிபன் பாக்ஸைக்கூடத் தூரத்தில் நின்று பார்க்கிற காலம். இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்கார்த்தி வைத்தார்கள். அதன் பிறகு இன்ஸ்பெக்டர், "சார் வீட்டுக்கு ஒரு ஆள் அனுப்பி விசாரிச்சுட்டு வரச் சொல்றேன்" என்றார்.

"வீட்டுக்கு வேண்டாம் சார்" என்றேன். கொஞ்சம் வேகமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது.

"ஏன்? வீட்டுக்குத் தெரியாதா? அப்ப இதுல என்னமோ இருக்கு."

வேறு வழி இல்லை. சர்க்கரையில் ஆரம்பித்து, வளையல், நூல், பிளேடு, சாக்பீஸ் அலர்ஜி, ஸ்பூன் வரைக்கும் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். பெண்டாட்டியிடம் சொல்ல முடியாததை ஒரு ஸ்டேஷன் முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். பிளாஸ்டரைப் பிரித்து மொட்டை விரலைக் காட்டினேன். ஏட்டையா பெருமூச்சு விட்டார். "எங்க வீட்டுல இப்படி நடந்தா நான் ஸ்டேஷன்லயே படுத்துக்கிடுவேன்" என்றார்.

இன்ஸ்பெக்டருக்குக் கோபம் இறங்கிவிட்டது. ஆனால் சந்தேகம் இறங்கவில்லை. "மிஷின் நிஜமா வேலை செய்யுதா?"

"உத்தரவு இருந்தா காட்டுதேன்" என்று எழுந்த அண்ணாச்சி, மிகுந்த மரியாதையோடு தட்டை இன்ஸ்பெக்டரின் இடுப்புக்கு நேரே நீட்டினார். 'கீய்ங்' என்று கத்தியது.

"பெல்ட் பக்கிள்" என்றார் இன்ஸ்பெக்டர். பெல்ட்டைக் கழற்றி மேஜையில் வைத்தார். மறுபடி நீட்டினார் அண்ணாச்சி. மறுபடி கத்தியது.

ஏட்டையா மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்க்க ஆரம்பித்தார். நமக்குத் தெரியாததா? சேலமானால் என்ன, திருநெல்வேலியானால் என்ன, காக்கி உடுப்புக்குள்ளேயும் தாயார் கட்டிவிட்ட வெள்ளி அரைஞாண் இருக்கத்தான் செய்யும்.

"சரி. மிஷின் வேலை செய்யுது" என்றார் இன்ஸ்பெக்டர்.

பெல்ட்டை மாட்டிக்கொண்டே விஷயத்துக்கு வந்தார். அவர்களுடைய மிஷின் ரிப்பேருக்கு மதுரை போயிருக்கிறதாம். எப்போது திரும்புமோ தெரியாதாம். "பெரியவரே, நாளைக்குப் பூங்கா பூராவும் நீங்களே தேடுங்க. ரெண்டு கான்ஸ்டபிள் கூட வருவாங்க. மோதிரம் கிடைச்சா எடுத்துக்கங்க. வேற ஏதாவது கிடைச்சா தொடாம எங்களைக் கூப்பிடுங்க. வெள்ளிக்கிழமை வாசல்லயும் மிஷினோட நிக்கணும்."

யாருக்கும் தெரியாமல் பத்து நிமிஷம் தேடலாம் என்று நினைத்தவன், போலீஸ் பந்தோபஸ்தோடு ஒரு நாள் முழுக்கத் தேடப் போனேன். கல்லூரிக்கு லீவு போட்டேன். வீட்டில், "காலேஜ்ல ஸ்பெஷல் டியூட்டி" என்றேன். சிவகாமி, "பைய பாத்து வாங்க. வெயில்ல ரொம்ப நிக்காதிய" என்றாள். காலேஜுக்குள் ஏது வெயில் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

வியாழக்கிழமை தேடியதை எப்படிச் சொல்ல? அந்தப் பூங்காவில் சோடா மூடி மட்டும் ஒரு சாக்கு கிடைத்தது. அப்புறம் ஒரு சைக்கிள் மணி. ஒரு மாட்டு லாடம். சறுக்குமரத்தின் நாலு போல்ட் -- இத்தனை நாள் பிள்ளைகள் எந்த தைரியத்தில் சறுக்கினவோ. மிஷின் கத்தும்போதெல்லாம் கான்ஸ்டபிள் இருவரும் பத்தடி பின்னால் போவார்கள். நான் கரண்டியால் தோண்டுவேன். மூடி வரும். மறுபடி குழியை மூடுவேன்.

அண்ணாச்சி விதியிலிருந்து ஒரு நூல் விலகவில்லை. பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு இளம் ஜோடியிடம் போய், "ஐயா, அம்மா, சிரமத்துக்கு மன்னிக்கணும். கொஞ்சம் காலைத் தூக்கிக்கிடுங்க" என்றார். பின்னால் நின்ற இரண்டு போலீசைப் பார்த்ததும் அவர்கள் காலை மட்டுமா தூக்கினார்கள்? காம்பவுண்டு சுவர் தாண்டிவிட்டார்கள். மூடிய ஒவ்வொரு குழிக்கும் அண்ணாச்சி ஒரு செம்பு தண்ணீர் விட்டார். தோட்டக்காரருக்கு ஏக சந்தோஷம். அவர் மூன்று மாதமாகக் கொத்த வேண்டிய தரையை நாங்கள் கொத்திக் கொடுத்துவிட்டோம்.

பேச்சியம்மா வேப்பமரத்தடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு தடவை, "சார், வீட்டுல அம்மாட்ட ஒரு வார்த்த சொல்லிட்டியளா?" என்று கேட்டார்.

"அதெல்லாம் கெடச்ச பெறவு சொல்லிக்கிடலாம் பேச்சியம்மா."

"சரி, நல்லா தேடுங்க" என்றார்.

மோதிரம் கிடைக்கவில்லை. சாயங்காலம் அந்தச் சோடா மூடிச் சாக்கின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுகை வரும்போல இருந்தது. வந்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமை. வாசலில் அண்ணாச்சி மிஷினோடு நின்றார், பக்கத்தில் நான் கிளார்க் மாதிரி. வருகிறவர்களின் இடுப்புக்கு நேரே தட்டு நீளும். கத்தும். அடுத்தவர். கத்தும். அதற்கடுத்தவர். கத்தும். கத்தாத ஒரே ஆள் மிட்டாய் விற்க வந்தவர்தான். அவர் கட்டியிருந்தது கறுப்புக் கயிறு.

"எங்க அய்யா போட்ட அரைஞாண்வே. குண்டுங்கியளோ?" என்று வட்டச் செயலாளர் ஒருவர் எகிறினார்.

"அண்ணாச்சி, சிரமத்துக்கு மன்னிக்கணும். லேசாச் சட்டையைத் தூக்கிக் காட்டிட்டுப் போங்க" என்றார் நம் அண்ணாச்சி.

"ஒரு ஆளையும் பாக்காம விடக் கூடாது" என்று இன்ஸ்பெக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். தன்னை மட்டும் மிஷின் பக்கமே கொண்டுவரவில்லை.

ஐந்தரை மணி இருக்கும். அமைச்சரின் கார் ஜங்ஷன் தாண்டிவிட்டது என்று வயர்லெஸ்ஸில் சொல்கிறார்கள். அப்போது பெண்கள் வரிசையில் பார்க்கிறேன்... சிவகாமி. கையில் தூக்குவாளி.

எனக்கு ஓடி ஒளிய இடமில்லை. "நீ எங்க இங்கன?" என்றேன்.

"காலையில சாப்பிட்டதுதான. சர்க்கரக்காரரு வெறும் வயித்துல நிக்கலாமா? இட்லி கொண்டாந்திருக்கேன்" என்றாள், நான் காலேஜில் இல்லாமல் பூங்கா வாசலில் நிற்பது உலக இயல்பு என்பதுபோல.

பெண்களைச் சோதிக்க ஒரு பெண் கான்ஸ்டபிள் இருந்தார். பெண்கள் முறை வரும்போது அண்ணாச்சி மிஷினை அவரிடம் கொடுத்துவிடுவார். வளையலுக்கும் சங்கிலிக்கும் கத்திவிடும் என்று கையைத் தூக்கச் சொல்லி, தட்டை இடுப்பளவில் மட்டும் நீட்டுவார். அதுவரை ஒரு பெண்ணுக்கும் கத்தவில்லை. சிவகாமிக்குக் கத்தியது.

"தூக்குவாளியைக் கீழ வைங்கம்மா."

வைத்தாள். மறுபடி கத்தியது.

இன்ஸ்பெக்டர் விறுவிறுவென்று வந்தார். "இடுப்புல என்ன செருகியிருக்கீங்க?"

"சேல முந்தி."

"அதுல ஏதோ முடிச்சு இருக்கே. அவிழுங்க."

சிவகாமி என்னைப் பார்த்தாள். பிறகு பொறுமையாக முந்தியை எடுத்து, முடிச்சை அவிழ்த்து, உள்ளங்கையை விரித்தாள். மோதிரம். அடியில் புது நூல் சுற்றியிருந்தது. இந்தத் தடவை நல்ல சிவப்பு நூல்.

இன்ஸ்பெக்டர் மோதிரத்தைப் பார்த்தார். என் பிளாஸ்டரைப் பார்த்தார். அவருக்குத்தான் முழுக் கதையும் தெரியுமே. ஏட்டையா பக்கம் திரும்பி, "ஏட்டையா, கேஸ் முடிஞ்சுது" என்றார்.

"திங்கக்கெழம காலையிலயே பேச்சி கொண்டாந்து குடுத்துட்டா" என்றாள் சிவகாமி. "நான் நூல் சுத்தும்போது பக்கத்துல இருந்து பாத்தவல்லா, பாத்ததும் தெரிஞ்சுக்கிட்டா. நான்தான் அவகிட்டச் சொல்லாதன்னேன். நீங்களா வந்து சொல்லுவியன்னு பாத்தேன். சாக்பீஸ்னு சொன்னிய. சரி, செவ்வாக்கெழம சொல்லுவியன்னு பாத்தேன். தெனமும் ஸ்பூன் வச்சேன், அப்பமாவது சொல்லுவியன்னு பாத்தேன்."

நான் தலையைக் குனிந்தேன்.

"எங்கம்மா வளையல்லா அது" என்றாள். குரல் உடைந்துவிட்டது. "தொலஞ்சுட்டுன்னு சொல்லியிருந்தா நான் அழுதிருப்பேன். அழுதுட்டு, உங்ககூட வந்து நானும் தேடியிருப்பேன்லா."

"தப்புதான்" என்றேன். ஐந்து நாளாகச் சொல்லாமல் வைத்திருந்த சொல். எவ்வளவு சின்னச் சொல். அவள் பிளாஸ்டரை உரித்தெறிந்துவிட்டு மோதிரத்தை விரலில் இறுக்கி ஏற்றினாள்.

"சார், அமைச்சர் வண்டி வந்துருச்சு. மீதியை உள்ள போய்ப் பேசிக்கங்க" என்றார் இன்ஸ்பெக்டர். வாசல் ஓரத்தில் பேச்சியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். நீரூற்று திறந்த நேரத்தில் நான் சறுக்குமரத்தடியில் உட்கார்ந்து, கையால், ஸ்பூன் இல்லாமல், ஏழு இட்லி சாப்பிட்டேன்.

எல்லாரும் போன பிறகு அண்ணாச்சி மிஷினைத் துணியில் சுற்றிக்கொண்டே ஃபுல்ஸ்கேப் தாளை எடுத்துப் பார்த்தார்.

"முதல் விதியிலேயே தப்பிட்டோம்வே. தேடுமுன் உடையவரிடம் சொல்லுக. கார்ப்பரேஷனுக்குக் குடுத்தோம், போலீசுக்குக் குடுத்தோம், வாட்ச்மேனுக்கும் ஒரு நகல் குடுத்தோம். உடையவங்களுக்கு ஒரு மனு குடுக்கலயே" என்றார்.

எழுதிவிட்டேன் அண்ணாச்சி. நான்கு எல்லை போடவில்லை. நடந்ததை மட்டும் எழுதியிருக்கிறேன். சிவகாமி வாராவாரம் இந்தப் பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பக்கத்தைத் தவறாமல் வாசிக்கிறவள். நீங்கள் இவ்வளவு நேரம் வாசித்தது அதன் நகல்தான்.